அனைத்தா, அணைத்தா, அகிலமா? ஒரு பேனர் கிளப்பிவிட்ட கதை

கொஞ்சம் நீளமான பதிவு. மைலோ கலக்கிக்கிட்டு வந்து உட்காருங்க.

போன மாசம் அன்னதானத்துக்கு பேனர் அடிக்கக் கொடுத்தோம் இல்லையா, அதுல வாசகம் தட்டச்சு செஞ்சது நான்தான். "அணைத்து பக்தர்களும் வருக வருக"ன்னு அடிச்சு அனுப்பிட்டேன். மூணு சுழி ண. அச்சடிச்சு, கட்டி, படம் எடுத்து தொண்டூழியர் குழுவுல போட்ட பிறகுதான் ஒருத்தர் கேட்டார், "அண்ணே, வர்ற பக்தர்களை எல்லாம் நாம கட்டிப்பிடிக்கணுமா?"ன்னு. ரெண்டு சுழி போட்டா எல்லாரும்னு அர்த்தம், மூணு சுழி போட்டா தழுவிக்கிட்டுன்னு அர்த்தம். மார்சிலிங் முழுக்க சிரிச்சு முடிக்க ஒரு வாரம் ஆச்சு.

அதோட விட்டிருந்தா பரவாயில்ல. தமிழாசிரியையா இருந்து ஓய்வுபெற்ற அக்கா ஒருத்தங்க, ரெண்டு சுழி போட்டாலும் அந்த வாசகம் சரியில்லன்னாங்க. 'அனைத்து' பொருளுக்கு, 'அனைவர்' ஆளுக்கு. "பக்தர்கள் அனைவரும் வருக"ன்னுதான் எழுதணுமாம். பழைய தமிழ்ல 'அனைத்து'க்கு 'அவ்வளவு'ங்கிற பொருளும் உண்டு, 34-ஆவது குறளுக்கு பரிமேலழகர் உரையைப் பாருங்கன்னும் சொன்னாங்க. போய்ப் பார்த்தேன், அப்படித்தான் இருக்கு. அளவு காட்டின சொல் இப்போ அளவே இல்லாத சொல்லா ஆயிடுச்சு.

அப்போ குழுவுல இன்னொரு மாமா, "எதுக்கு இந்தச் சுழி வம்பு? அகில பக்தர்களும்னு போடுங்க, கம்பீரமா இருக்கும்"னார். சொல்லிப் பாருங்க, நாக்கு ஒத்துக்காது. 'அகில' நம்ம பேச்சுல ஆள் மேல ஒட்டாது. உலகம், நாடு மாதிரி பரப்பு மேலதான் ஒட்டும். அகில உலகம், அகில இந்திய காங்கிரஸ் கமிட்டி, அகில இந்திய வானொலி. 'சகல' ஒட்டற இடம் வேற: சகல சௌபாக்கியம், சகல வசதி. 'சர்வ' இன்னும் வேற: சர்வமங்களம், சர்வநாசம், சர்வ சாதாரணம். எல்லாத்துக்கும் 'முழுசா'ன்னுதான் பொருள், ஆனா ஒண்ணு இருக்கற இடத்துல இன்னொண்ணு உட்காராது. நடுவுல தனித்தமிழ் வந்து 'அகில'வை நகர்த்திட்டு 'அனைத்திந்திய'வை வச்சது. எம்.ஜி.ஆர். 1976-ல கட்சிப் பேருக்கு முன்னாடி சேர்த்தது 'அகில இந்திய' இல்ல, 'அனைத்திந்திய'தான். அரசியல் இதோட போதும்.

மாமா சொன்ன அந்தச் சொல் மட்டும் என்னை விடவே இல்ல. காரணம் பின்னாடி சொல்றேன். முதல்ல அது எங்கிருந்து வந்ததுன்னு பார்ப்போம்.

'அகில' வடமொழிச் சொல். அ + கில. 'அ' போட்டா இல்லன்னு அர்த்தம். 'கில'ன்னா என்ன தெரியுமா? பயிர் வச்ச வயல்களுக்கு நடுவுல உழாம விட்டுப்போன தரிசுத் துண்டு. அதுலருந்து இடைவெளி, விடுபட்ட இடம்னு பொருள் விரிஞ்சது. அப்போ 'அகில'ன்னா, ஒரு துண்டு தரிசு கூட விடாம முழுசும் உழுத நிலம். நான் இவ்வளவு நாளா 'அகிலம்'னா உருண்டையா, பெரிசா, வானத்துல மிதக்கற ஏதோ ஒண்ணுன்னு நினைச்சிருந்தேன். சொல்லுக்குள்ள இருக்கறது ஒரு விவசாயி. வரப்போரமா நடந்து, எங்கயாவது விட்டுப்போச்சான்னு பார்க்கறவர். (சாம்பிராணியோட புகைக்கற அகில் கட்டைக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. கேட்பீங்கன்னு தெரியும்.)

இந்த 'கில' நம்ம கோயிலுக்குள்ளயே இருக்கு. வேதத்தோட மூல வரிசையில சேராம, பின்னாடி இணைப்பா நிக்கற பாடல்களுக்கு 'கில சூக்தங்கள்'னு பேரு. மகாபாரதத்துக்கு ஹரிவம்சம் ஒரு கிலம். ரிக் வேதத்தோட கில சூக்தங்கள்ல ரொம்பப் பிரபலமானது எதுன்னு நினைக்கறீங்க? ஸ்ரீ சூக்தம்! வெள்ளிக்கிழமை அபிஷேகத்துல ஐயர் சொல்றப்போ நாம கூடவே முணுமுணுக்கறோமே, அதேதான். வரிசைக்கு வெளியில நின்ன பாட்டைத்தான் இன்னிக்கு மகாலட்சுமிக்கு முதல்ல சொல்றோம்.

சொல்லோட இன்னொரு முனை திருவானைக்காவல். பஞ்சபூதத் தலங்கள்ல நீருக்கு உரிய தலம், சுவாமி ஜம்புகேஸ்வரர், அம்மன் அகிலாண்டேஸ்வரி. உச்சிக்கால பூசைக்கு அர்ச்சகர் அம்மன் மாதிரி புடவை உடுத்திக்கிட்டு வந்து சுவாமிக்குப் பூசை பண்ற கோயில். அகிலம் + அண்டம் + ஈஸ்வரி. ஒரு இடமும் விடாத அண்டம் முழுக்க ஆள்றவ. பேரு எவ்வளவு அழகு. ஆனா அந்தப் பேரைச் சொல்லி நாம கும்பிட்டுக்கிட்டு இருந்த அதே நூற்றாண்டுகள்ல, தமிழ்நாட்டுப் பெரிய கோயில்கள் பலதுல கோபுரத்துக்கு இந்தப் பக்கமே ஒரு பாதி ஊர் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. அகிலாண்டம்னு வாயில, தரிசுத் துண்டு வாசல்ல. இதைச் சொல்லாம அந்தச் சொல்லோட கதையைச் சொல்ல முடியாது.

இப்போ அந்தக் காரணம்.

ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிராஞ்சி பக்கம் தங்கும் விடுதியில இருந்து தம்பிங்க சில பேர் வந்தாங்க. அதுல ஒரு தம்பி, செருப்பைக் கழட்டிட்டு, கையைக் காலைக் கழுவிட்டு, தோள்ல கிடந்த துண்டை எடுத்துத் தலையில கட்டிக்கிட்டு உள்ள வந்தார். வாசல்ல நான்தான் நின்னேன். "தம்பி, தலைத்துண்டை எடுத்துடுங்க. சாமி முன்னாடி கட்டக் கூடாது"ன்னேன். கொஞ்சம் உரக்கவே சொன்னேன்னு நினைக்கறேன், பின்னால நின்னவங்க திரும்பிப் பார்த்தாங்க. அவர் சட்டுன்னு எடுத்துட்டார். ஆனா உள்ள வரல. செருப்பு அலமாரி பக்கத்துலயே நின்னு கும்பிட்டார்.

சாப்பாடு முடிஞ்சு அண்டா கழுவறப்போ அதே தம்பி வந்து கூட நின்னு தேய்ச்சார். பேச்சு வாக்குல ஊரைக் கேட்டேன். நாகர்கோவிலுக்கும் கன்னியாகுமரிக்கும் நடுவுல, சாமித்தோப்பு பக்கம்னார். "எங்க ஊருல தலையில கட்டாம பதிக்குள்ள விடமாட்டாங்கண்ணே. பழக்கத்துல கட்டிட்டேன், தப்பா எடுத்துக்காதீங்க"ன்னார். அப்புறம் ஒரு கேள்வி கேட்டார்: "நீங்க அகிலம் படிச்சிருக்கீங்களாண்ணே?"

எனக்கு அப்போ அது ஒரு புத்தகத்தோட பேருன்னே தெரியாது.

அன்னிக்கு ராத்திரி தேட ஆரம்பிச்சது. அதுக்கப்புறம் படிச்சதைத்தான் இப்போ சொல்றேன்.

கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் தமிழ்நாட்டோட சேர்ந்தது. அதுக்கு முன்னாடி திருவிதாங்கூர் ராஜ்யத்தைச் சேர்ந்த இடம். 19-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துல அங்க சாணார்னு அழைக்கப்பட்ட மக்களுக்கும், அவங்களை விடக் கீழ வைக்கப்பட்டவங்களுக்கும் இருந்த தடைகளைப் படிச்சா நம்பவே கஷ்டமா இருக்கும். ஆம்பளைங்க தலைப்பாகை கட்டக் கூடாது. குடை பிடிக்கக் கூடாது. செருப்பு போடக் கூடாது. பொம்பளைங்க மாரை மறைக்கக் கூடாது, தண்ணிக் குடத்தை இடுப்புல வைக்கக் கூடாது. தலைக்கு ஒரு வரி. பெரிய கோயிலுக்குள்ள போறது இருக்கட்டும், அதைச் சுத்தி இருக்கற தெருவுல நடக்கறதே பிரச்சினை. மாரை மறைக்கற உரிமைக்கு மட்டும் பல பத்து வருஷம் போராட்டம் நடந்து, 1859-லதான் அரசாணை வந்தது.

அந்த ஊர்ல 1809-ல ஒரு குழந்தை பிறக்குது. பெத்தவங்க வச்ச பேரு முடிசூடும் பெருமாள். 'இந்தச் சாதியில பிறந்த பிள்ளைக்கு முடிசூடற பேரா?'ன்னு எதிர்ப்பு வந்ததால முத்துக்குட்டின்னு மாத்திட்டாங்கன்னு அவர் வழி வந்தவங்க சொல்லுவாங்க. வளர்ந்து, கடுமையா நோய்ப்பட்டு, 1833-ல திருச்செந்தூர் மாசித் திருவிழாவுக்குக் கூட்டிட்டுப் போறாங்க. அங்க கடலுக்குள்ள போனவர் திரும்பி வந்தப்போ வைகுண்டரா வந்தார்ங்கிறது அவங்க நம்பிக்கை. சாமித்தோப்புல தவம் இருந்தார். கூட்டம் சேர்ந்தது. கூட்டம் சேர்ந்தா அரசாங்கம் சும்மா இருக்குமா? சுவாதித் திருநாள் மகாராஜா காலத்துல திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோய் சிறை வச்சாங்க. விடுதலையாகி வந்து 1851 வரைக்கும் இருந்தார்.

அவர் செஞ்ச காரியங்களைப் பாருங்க. சாமித்தோப்புல முத்திரிக் கிணறுன்னு ஒரு கிணறு. எந்தச் சாதியா இருந்தாலும் அதே தண்ணியிலதான் குளிக்கணும், அதையேதான் குடிக்கணும். இன்னிக்கும் பதிக்குப் போறவங்க முதல்ல அங்கதான் போறாங்க. ஊர் ஊரா நிழல் தாங்கல்னு எளிமையான வழிபாட்டு இடங்கள். பேரைக் கவனிங்க. கோபுரம் இல்ல, மண்டபம் இல்ல. வெயில்ல நின்னவனுக்கு முதல்ல என்ன வேணும்? நிழல்தானே. பள்ளியறையில சிலை கிடையாது. ஒரு கண்ணாடியும் விளக்கும். கும்பிடப் போனா உன் முகம்தான் தெரியும். அதோட, ஆம்பளைங்க தலைப்பாகை கட்டித்தான் உள்ள வரணும். எதை ராஜ்யம் தடை செஞ்சதோ அதையே சாமி முன்னாடி கட்டாயமாக்கினார். முடிசூடும் பெருமாள்னு ஒரு பேரைப் பறிச்சாங்க இல்லையா, அதுக்குப் பதிலா வர்ற ஒவ்வொருத்தன் தலையிலயும் முடி சூட்டிட்டார்.

நான் "எடுத்துடுங்க"ன்னு சொன்னது அந்தத் துண்டைத்தான்.

இந்த வழிக்கு அய்யாவழின்னு பேரு. அதோட புனித நூல், அகிலத்திரட்டு அம்மானை. 1841-ல அரிகோபாலன் சீடர் ஓலைச்சுவடியில எழுதினது. ஊர்மக்கள் சுருக்கமா 'அகிலம்'ம்பாங்க. அம்மானைன்னா கதையை நீட்டிப் பாடற நாட்டுப்புற வடிவம், படிப்பறிவு இல்லாதவங்களும் உட்கார்ந்து கேட்கலாம். கார்த்திகை மாசம் சாமித்தோப்புல 17 நாள் ஏடு வாசிப்பு நடக்குது. கோயில் தெருவுலயே நடக்க விடப்படாத ஒரு கூட்டம் தன் புத்தகத்துக்கு என்ன பேரு வேணும்னாலும் வச்சிருக்கலாம். வச்சது 'அகிலம்'. உலகத் தோற்றத்துல ஆரம்பிச்சு யுகம் யுகமா நடந்ததையெல்லாம் திரட்டி, அதுக்குள்ள தங்களையும் ஒரு இடத்துல வச்சு எழுதிக்கிட்டாங்க. அகராதியில அந்தச் சொல்லுக்குத் 'தரிசு விடாதது'ன்னு பொருள் இருக்கறது சீடருக்குத் தெரிஞ்சிருக்குமான்னு நான் யோசிச்சுப் பார்த்தேன். தெரிஞ்சிருக்கணும்னு அவசியமே இல்ல. அவங்க அந்தத் தரிசுத் துண்டுலயே நின்னவங்க.

சரி, கோயில்கள்ல என்ன ஆச்சு? அதையும் கொஞ்சம் பார்த்துடுவோம். 1897-ல கமுதி மீனாட்சி சுந்தரேஸ்வரர் கோயிலுக்குள்ள நாடார்கள் போனாங்க. வழக்கு கீழ்க்கோர்ட்டு, மேல்கோர்ட்டுன்னு போய், லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் ஏறி, 1908-ல தீர்ப்பு வந்தது: நுழைய உரிமை இல்ல. கடல் கடந்து போய்க் கேட்டும் கதவு திறக்கல. திருவிதாங்கூர்ல 1924-25 வைக்கம் போராட்டம், கோயிலுக்குள்ள போறதுக்கு இல்ல, சுத்தியிருக்கற ரோட்டுல நடக்கறதுக்கு. அதே ராஜ்யத்துல 1936 நவம்பர் 12-ல சித்திரைத் திருநாள் மகாராஜா ஆலயப் பிரவேசப் பிரகடனம் செஞ்சார். 1939 ஜூலை 8-ஆம் தேதி மதுரையில வைத்தியநாத ஐயர், கக்கன் உள்பட சிலரைக் கூட்டிக்கிட்டு மீனாட்சியம்மன் கோயிலுக்குள்ள போனார். கக்கன் பின்னாடி மாநிலத்தோட உள்துறை அமைச்சரா ஆனவர். எதிர்த்தவங்க, அம்மன் கோயிலை விட்டுப் போயிட்டாள்னு சொல்லி ஒரு வீட்டுல தனியா மீனாட்சியை வச்சுப் பூசை நடத்தினாங்க. 'அகிலம்' முதன்முதலா அச்சுல வந்ததும் அதே 1939-லதான்.

1947-ல சென்னை மாகாணத்துல ஆலயப் பிரவேசச் சட்டம். அப்புறம் அரசியல் சாசனம், 25-ஆம் பிரிவு. பொதுவான இந்துக் கோயில்களை இந்துக்கள்ல எல்லா வகுப்பாருக்கும் பிரிவினருக்கும் திறந்துவிட அரசு சட்டம் போடலாம்னு அதுல இருக்கு. இந்த 'எல்லா'வுக்கும் சோதனை வந்தது. தென்கன்னட மாவட்டத்து முல்கி வெங்கடரமணர் கோயில்காரங்க, இது எங்க சமூகத்தோட தனிக் கோயில், 'எல்லா' எங்களுக்குப் பொருந்தாதுன்னு இந்திய உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனாங்க. 1950-களோட கடைசியில நீதிமன்றம் சொன்னது: பொதுவழிபாட்டுக்குக் கதவு எல்லாருக்கும் திறந்தே இருக்கணும், அந்தச் சமூகத்துக்கே உரிய சில சடங்கு நேரங்கள்ல மட்டும் மத்தவங்களை விலக்கிக்கலாம். சட்டப் புத்தகத்துல கூட 'எல்லா'ன்னு எழுதினா அதோட கதை முடியறதில்ல பாருங்க.

சிங்கப்பூர்ல மட்டும் இந்த வாடையே இல்லாம இருந்ததுன்னு நினைச்சுக்காதீங்க. கப்பல் ஏறினப்போ சாதியும் மூட்டையோட ஏறித்தான் வந்தது. 1929 டிசம்பர்ல பெரியார் மலாயா வந்து, சிங்கப்பூருக்கும் வந்துட்டுப் போனார். 1932-ல இங்க தமிழர் சீர்திருத்தச் சங்கம். 1935-ல கோ. சாரங்கபாணி தமிழ் முரசு ஆரம்பிச்சார். அவர் 1952-ல முன்னெடுத்த தமிழர் திருநாள், மதமும் சாதியும் பார்க்காம எல்லாத் தமிழரையும் ஒரே மேடையில உட்கார வைக்கறதுக்குத்தான். சீர்திருத்தக்காரங்க நம்ம காவடியைத் திட்டினாங்க, அதுல எனக்கு உடன்பாடு இல்ல. ஆனா வாசல்ல நின்னவனைப் பத்தி அவங்க கேட்ட கேள்வி சரிதான்.

இங்க நம்ம கோயில்கள் ஆரம்பிச்ச விதத்தையும் சொல்லணும். சிராங்கூன் ரோடு வீரமாகாளியம்மன் கோயிலுக்குப் பழைய பேரு சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில், சுண்ணாம்புச் சூளையில வேலை பார்த்தவங்க வட்டாரம்ங்கிறதால. நம்ம வடக்குப் பக்கத்துல புனித மரம் பாலசுப்பிரமணியர் கோயில், செம்பவாங் கடற்படைத் தளத்து வேலைக்காரங்க மத்தியில வளர்ந்தது. சூளையில நின்னவன், தளத்துல நின்னவன், மரத்தடியில படம் வச்சுக் கும்பிட்டவன். இன்னிக்குக் கட்டுமானத்துல நின்னுட்டு லாரியில வர்ற தம்பிக்கு இருக்கற உரிமை நமக்கு இருக்கறதை விடக் கொஞ்சம் கூடுதல்னு கூட எனக்குத் தோணும்.

தலைத்துண்டு விஷயம் என்ன ஆச்சுன்னு கேட்பீங்க. எங்க கோயில் வழக்கம் எங்க கோயில் வழக்கம்தான், அதை மாத்தச் சொல்ல நான் யார். இன்னமும் தலையில ஏதாவது இருந்தா எடுக்கத்தான் சொல்றோம். ஆனா அந்தத் தம்பி அடுத்த மாசம் வந்தப்போ நான் கிட்டப் போய், "தம்பி, அகிலம் கொஞ்சம் படிச்சேன். அன்னிக்கு நான் சத்தமா சொன்னது தப்பு"ன்னேன். அவர் சிரிச்சுட்டு, துண்டை மடிச்சு இடுப்புல கட்டிக்கிட்டு உள்ள போனார். "உங்க சாமி வழக்கப்படி இங்க, அய்யா வழக்கப்படி அங்க"ன்னார். அவருக்கு அது அவ்வளவு லேசா இருந்தது. எனக்கு இன்னும் முழுசா லேசா ஆகல. ஒரு இடத்துல மரியாதைன்னு கட்டறது, இன்னொரு இடத்துல மரியாதைன்னு கழட்டறது, இதுக்கு நடுவுல வாசல்ல நிக்கற தொண்டூழியர் என்ன செய்யறதுன்னு எனக்கு இப்பவும் சரியா பதில் தெரியாது. பெரியவங்க யாராவது சொன்னா கேட்டுக்கறேன்.

வேலை ஒப்பந்தம் முடிஞ்சு அவர் இப்போ ஊர்ல இருக்கார். கார்த்திகை ஏடு வாசிப்புக்கு வாங்கண்ணேன்னு கூப்பிட்டிருக்கார். போனா தலைப்பாகை கட்டித்தான் ஆகணும், வீட்டுல கட்டிப் பழகிக்கிட்டு இருக்கேன். நிக்க மாட்டேங்குது, வழுக்கைத் தலை.

புது பேனர் வந்தாச்சு. குழுவுல நாலு நாள் விவாதம் பண்ணி, அனைத்து, அனைவர், அகில, சகல எல்லாத்தையும் ஓரமா வச்சுட்டு "எல்லாரும் வாங்க"ன்னு மட்டும் போட்டிருக்கு. ஆசிரியை அக்காவுக்கு அது பேச்சுவழக்கா இருக்குன்னு வருத்தம்தான். ஆனா சுழிப் பிழை வராதுன்னு ஒத்துக்கிட்டாங்க.

வர்ற ஞாயிறு காலை 6 மணிக்குக் காய் நறுக்க ஆள் வேணும். கத்தி இருக்கறவங்க எடுத்துட்டு வாங்க, கோயில் கத்தி ரெண்டும் மழுங்கிப் போச்சு. விடுதியில இருக்கற தம்பிங்க யாராவது இதைப் படிச்சா, வேலை உடுப்போடவே வாங்க. கை கால் கழுவக் குழாய் இடது பக்கம் இருக்கு. செருப்பு அலமாரிகிட்ட யாராவது நின்னா, நான் வந்து கூப்பிடுவேன்.